எட்டாம் பக்கம்

“சீ!” என்று கையை உதறினார் வீட்டுக்காரர். உதறினால் போகிற பசையா அது? வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், நடுவில் பொம்மைக் கப்பலின் பாய்மரம் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. அழுகிப்போன மீன் மாதிரி நாற்றம் வேறு. பாகங்களை ஒட்டிக் கப்பல் செய்ய என்று பரிசாக வந்த பெட்டி, சும்மா கிடந்திருக்கலாம்.

“புத்தகத்தைப் பார்த்துச் செய்யக்கூடாதா?” என்றாள் மனைவி.

“பார்த்துத்தான் செஞ்சேன்! ஏழாம் பக்கத்துல பலகையை ஒட்டுன்னு போட்டிருக்கான். ஒட்டிட்டுத் திருப்பினா எட்டாம் பக்கத்துல, ‘ஒட்டுவதற்கு முன் பலகையைத் தண்ணீரில் ஊறவைத்து வளைக்கவும்’னு இருக்கு. எழுதினவன் மனுஷனா?”

சாப்பாட்டு மேசைமேல் கிடந்ததைக் கப்பல் என்று சொல்ல நாக்குக் கூசியது. மிதிபட்ட கரப்பான்பூச்சி மாதிரி விலாவெல்லாம் பிளந்து கிடந்தது.

“கம்பெனிக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்களேன்.”

“போட்டா என்ன பதில் வரும்? ‘வழிகாட்டிப் புத்தகத்தைப் பொறுமையாக மீண்டும் ஒருமுறை படிக்கவும்.’ வேற ஒரு வரி வராது.”

“கை ஒட்டிப்போய் நிக்கிறவங்களுக்கு அனுப்புற பதிலா அது?”

அவர் ஒட்டிய விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்.

மனைவி ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து, அவர் கையைப் பிடித்து அதில் அமுக்கினாள்.

“நல்லா ஊறட்டும். பதினோரு வருஷமா, உங்களுக்கு வர்ற ஒவ்வொரு புகாருக்கும் அந்தப் பதிலுக்குக் கீழே கையெழுத்துப் போடுற கையாச்சே. நாளைக்கும் ஆபீஸ்ல போடணுமில்ல?”