காலி அறையின் புகார்

பழைய பாணி ரிவால்வர் ஒன்றின் உருளையில் ஆறு அறைகள் இருந்தன. அதன் சொந்தக்காரர் ஐந்தில் மட்டும் தோட்டா போடுவார். ஆறாவதைக் காலியாக விட்டு, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலை அதன்மேல் மெதுவாக இறக்கி வைப்பார்.

"தினமும் வெறும் வயித்தோட கிடக்கேன். இதுல உங்க தலையையும் நான்தான் தாங்கணும்" என்று காலி அறை புலம்பியது.

"எத்தனை தடவைதான் சொல்றது?" என்றது சுத்தியல். "எனக்கு அடியில தோட்டா இருந்தா, கீழே விழுந்தாலே வெடிச்சிடும். ஒரு உயிர் போயிடும்."

"அண்ணன் ஆரம்பிச்சிட்டார்" என்று தோட்டாக்கள் சிரித்தன.

அன்று மாலை சொந்தக்காரரின் முழங்கை பட்டு ரிவால்வர் மேசையிலிருந்து விழுந்தது. சுத்தியல் நேராகத் தரையில் மோதியது. குழல் அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றது. டொக் என்ற சத்தத்தோடு சரி. அவர் வெகுநேரம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

வலி தாங்காமல் முனகிய சுத்தியல், "இப்பவாவது புரிஞ்சுதா?" என்று கேட்டது.

"என்ன புரியணும்?" என்றது ஒரு தோட்டா. "இவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தோம். ஒண்ணுமே ஆகலை. இதுக்கா ஒரு இடத்தைக் காலியா வச்சீங்க?"

சுத்தியல் காலி அறையை நம்பிக்கையோடு பார்த்தது.

"அதானே அண்ணே" என்றது காலி அறை. "நாளைக்காவது எனக்கு ஒரு தோட்டா போடச் சொல்லுங்க."