டவர் கிடைக்கும் பாறை

பகல் பதினொரு மணிக்கு ஊர்ப்புற நூலகம் பூட்டிக் கிடந்தது. ஆலங்காயத்திலிருந்து அத்தனை வளைவும் ஏறி வந்த அலுப்பு, அந்தப் பூட்டைப் பார்த்ததும் கோகுலகிருஷ்ணனுக்குப் பறந்துபோனது.

நூலகத் துறையின் முகநூல் பக்கம் அவர் பொறுப்பு. எல்லா நூலகங்களும் படம் அனுப்பும். ஜவ்வாது மலையில் இருக்கும் இது மட்டும் அனுப்பாது. கேட்டால், 'டவர் இல்லைங்க சார்' என்று ஒரே பதில். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

பக்கத்தில் புளி காயவைத்துக்கொண்டிருந்த ஜெயம்மாளிடம் கேட்டார்.

"நூலகர் எங்கம்மா?"

"அதோ, பாறை மேல. போன்ல பேசிக்கினு இருக்குது பாருங்க."

"வேலை நேரத்துல போனா?"

"தெனமும்தான் பேசும்."

மூச்சு வாங்க ஏறினார். மேலே நீலாவதி ஒரு கையில் பேப்பரும் ஒரு கையில் போனுமாக உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"யார்கிட்டம்மா இவ்ளோ நேரமா பேச்சு?"

"ஊர்ப் பொம்பளைங்க வாட்ஸ்அப் குரூப்புங்க சார். பாதிப் பேருக்குப் படிக்க வராது. ஸ்காலர்ஷிப்பு, ஆஸ்பத்திரி முகாமு, கடைசியா ஒரு கதை, எல்லாத்தையும் வாய்ஸ்ல படிச்சு அனுப்பறேன். சந்தைக்குப் போறப்ப அவங்க போன்ல எறங்கிடும். எனக்கு இந்தப் பாறையில மட்டும்தாங்க டவர். வாய்ஸ் போறதே பெரும்பாடு. போட்டோ எங்க போவும்?"

பின்னாலேயே ஏறி வந்த ஜெயம்மாள் சொன்னாள்: "இது சொல்லித்தான் சார் எம் பொண்ணுக்கு சாதி சர்டிபிகேட்டு வாங்கனேன். இப்ப வேலூர்ல நர்சுக்குப் படிக்குது."

கோகுலகிருஷ்ணனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண் காய்வதற்குள் தன் போனை எடுத்துவிட்டார்.

"இன்னொரு தடவை படிம்மா. கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பி."

நாலைந்து தடவை படிக்கவைத்தார். ஜெயம்மாளை ஓரமாக உட்கார்ந்து வியப்போடு கேட்கச் சொன்னார்.

'காற்றில் பறக்கும் நூலகம்' என்ற அந்த வீடியோவை ஒரே வாரத்தில் லட்சம் பேர் பார்த்தார்கள். சென்னையில் விழா எடுத்தார்கள். சமூக ஊடகத்தை மக்களிடம் கொண்டுசென்ற சிறந்த அதிகாரி என்று கோகுலகிருஷ்ணனுக்குப் பொன்னாடை. ஏற்புரையில் நீலாவதியைப் பற்றி உருக்கமாகப் பேசினார்.

அந்த அம்மாவையும் அழைத்திருக்கலாமே என்று யாரோ கேட்டார்கள்.

"மலையிலேர்ந்து சரியா பஸ் கிடையாதுங்க, பாவம்" என்றார்.

காபி குடிக்கும்போது மேலதிகாரி வந்து தோளைத் தட்டினார். "அருமையான வீடியோ. ஆமா, அந்தம்மா பாறை மேல இருந்தப்ப நூலகத்துல யாரு இருந்தா?"

கோகுலகிருஷ்ணன் காபியைக் கீழே வைத்தார்.

"விசாரிக்கறேன் சார்."

ஊர் திரும்பியதும் பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு, முதல் வேலையாக நீலாவதிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெமோ அனுப்பினார்:

'பணி நேரத்தில் நூலகத்தைப் பூட்டிவிட்டுப் பாறைக்குச் சென்றது தெரியவந்துள்ளது. ஆதாரம்: துறையின் முகநூல் பக்கம். இனி எக்காரணம் கொண்டும் அங்கே செல்லக் கூடாது. உரிய விளக்கத்தை நூலகத்தில் இருந்தபடியே உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பவும்.'