ஜன்னல் வெயில்

அடுப்பை விற்றுவிட்டுத்தான் பிலோமினாவும் அவள் புருஷன் சவரிமுத்துவும், இலையில் வெயிலைச் சாப்பாடாக்குகிற பச்சைத் துணுக்கான பசுங்கணிகத்தைத் தோலில் ஏற்றிக்கொண்டார்கள். இனி வெயில்தான் சாப்பாடு என்று பேச்சு. கொஞ்ச நாளிலேயே அவன் மேனியின் பச்சை வெளிற ஆரம்பித்தது. ஏதோ சீக்கு என்று பதறி, வீட்டில் வெயில் விழுகிற ஒரே ஜன்னலை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இவள் பசியில் சுருண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. வயித்துல சோறு விழுந்தா, தோல்ல பச்சையைப் பெருக வைக்கிற ஜீன் தன்னால அடங்கிடும், பச்சை வெளிறிடும். வேளாவேளைக்கு நல்லா சாப்பிடறாரு, அவ்ளோதான்.”

வெளியே வந்ததும் அவன் முனகினான்: “எங்க அக்கா வீட்லதான் சாப்ட்டேன்... பசி தாங்கல, பிலோ.”

“துன்னது இருக்கட்டும்யா,” என்றாள் பிலோமினா. “வயிறு ரொம்பினவன், என் வெயிலை எதுக்குய்யா வாங்கிக்கினே?”