மாதிரி வகுப்பு

மிஷன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தெபோராளுக்கு அன்று இறுதித் தேர்வு. மாதிரி வகுப்பில் பாடம் நடத்த வேண்டும். சேரிப் பெண் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்ட பெற்றோர், வகுப்புக்குள் நுழைந்து பிள்ளைகளை வெளியே இழுத்துப் போனார்கள்.

"நாளைக்கு உங்க தெருப் பள்ளிக்கூடத்துல நடத்தும்மா. மார்க் போட்டுருதேன்," என்றார் தேர்வாளர்.

"தேர்வு இங்கதானய்யா."

சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் கணக்கை எழுதினாள். காலி பெஞ்சுகளைத் தாண்டி முற்றம்வரை கேட்கும்படி, "ஏழும் எட்டும் எத்தன?" என்றாள். மறுபடியும், இன்னும் உரக்கக் கேட்டாள்.

அப்பாவின் பிடியில் நடந்துகொண்டிருந்த சிறுமி ஒருத்தி திரும்பிக் கத்தினாள்: "பதினஞ்சு டீச்சர்!"

அப்பா அவள் வாயைப் பொத்தினார்.

"சரி. ஒம்பதும் நாலும்?"

இம்முறை வேறு இரண்டு குரல்கள் வந்தன.

தெபோராள் தேர்வாளரிடம் திரும்பினாள். "எழுதிக்கிடுங்கய்யா, வகுப்பு நடக்கு."