டொக்

ரெமிஹியோ தன் சைக்கிள் கடையில் இரண்டு கார்பன் ஃப்ரேம்களையும் பெசோ காசால் தட்டிக் காட்டினான். ஒன்று டிங்கென்றது. மற்றது டொக்கென்றது.

"டொக்குன்னா உள்ள விரிசல், நவுவேல். இதுல வால்பரைசோ படிக்கட்டுல இறங்கினா முதல் குதியிலயே ரெண்டாப் போயிடும். டிங்கையே எடுத்துக்கோ."

ஊரின் செங்குத்தான படிக்கட்டுகளில் நடக்கும் மலையிறக்க சைக்கிள் பந்தயத்தில் மூன்று வருடமாக ஜெயித்துவரும் நவுவேல், டொக்கென்றதைத் தொட்டுக் காட்டினான். "டொக்கையே குடு."

"அழகுக்குச் சுவத்துல மாட்டவா?"

"ஆமா."

ஞாயிற்றுக்கிழமை அதே டொக் ஃப்ரேமில் சக்கரங்களை மாட்டி, அந்த வண்டியோடு பந்தயத்துக்கு வந்து நின்றான். போன மாதம் பயிற்சியில் விழுந்ததிலிருந்து படிக்கட்டைக் கண்டாலே அவனுக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. பந்தயம் தொடங்கும் முன் சோதனைக்காரர் ஒவ்வொரு வண்டியையும் காசால் தட்டிப் பார்ப்பார். டொக்கென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். மானம் போகாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

அவன் முகத்தைப் பார்த்ததும் சோதனைக்காரர் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உன் வண்டியைத் தட்டிப் பாத்தா ஊரே என்னை அடிக்கும் தம்பி. ஏறு."

நவுவேல் தானே ஃப்ரேமைத் தட்டினான். அவன் பெயரைச் சொல்லிக் கத்திய கூட்டத்தில் அந்த டொக் யார் காதிலும் விழவில்லை.