இடுப்புச் சாவி

சூளகிரிச் சந்தையில் சேலம் ஜில்லா சுகாதார வண்டி வந்து நின்றதிலிருந்து வெங்கடம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை அடிக்கடி இடுப்பில் செருகியிருந்த இரும்புச் சாவிக்குப் போனது.

"பெட்டிச் சாவிங்களா?" என்றாள் பக்கத்தில் இருந்த சரசம்மா. அவள் மகனுக்குத்தான் தை மாதம் வெங்கடம்மாவின் மகள் சம்பங்கியைக் கட்டுவதாகப் பேச்சு.

"ஆமாங்க சம்பந்தி, நகைப் பெட்டி."

டாக்டர் மூளைப் படத்தை விரித்துக் காட்டினார்.

"ஆட்டு மூளையாட்டமே இருக்குதே!" என்று யாரோ கத்தினார்கள்.

"காக்காய் வலிப்பு பேயுமில்லை, பிசாசுமில்லை. இந்த மூளையில வர்ற கோளாறு. தினமும் மாத்திரை போட்டா அடங்கும். வலிப்பு வந்தா கையில சாவியைத் திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க."

வெங்கடம்மா சாவியை முந்தானையால் மூடினாள். "போலாங்க, நேரமாச்சு."

"இருங்க, கேட்டுட்டுப் போலாம்."

"யார் வீட்லயாவது இருந்தா வாங்க, மாத்திரை தர்றேன்" என்றார் டாக்டர்.

ஒருவரும் அசையவில்லை. வெங்கடம்மா தன்னோடு சந்தைக்கு வந்திருந்த மகளைப் பார்த்தாள். கல்யாணம் போனால் போகட்டும் என்று எழுந்துவிட்டாள்.

"எம் மவளுக்குத்தாங்க, சாமி. ஆறு வருசமா இந்தச் சாவிய வச்சுத்தான் சமாளிக்கறேன்."

திரும்பிப் பார்க்கப் பயந்து நின்றவளின் தோளை ஒரு கை தொட்டது.

"எம் மவனுக்கும் சேத்துக் குடுங்க, சாமி" என்ற சரசம்மா, தன் இடுப்பிலிருந்து ஒரு சாவியை உருவினாள்.

"எங்க வூட்லயும் நகைப் பெட்டி கெடையாதுங்க, சம்பந்தி."