ஒன்பதாம் நம்பர் ஒயின்

"சாம்பல் வாடை அடிக்குது. இதுக்கு முத்திரை கொடுக்கக் கூடாது" என்றாள் மகலோன்.

மேசைமேல் ஒன்பதாம் நம்பர் கோப்பை இருந்தது. யாருடைய ஒயின் என்று தெரியக் கூடாதென்று புட்டிகளுக்கெல்லாம் கறுப்பு உறை மாட்டியிருந்தார்கள். ருசி பார்க்க உட்கார்ந்த ஐந்து பேருமே அந்த ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள்.

ஆகஸ்டில் மலையில் பிடித்த தீ தோட்டங்களுக்குள் வரவில்லை. புகைதான் வந்து, நான்கு நாள் பழங்களின்மேல் படிந்து கிடந்தது. புட்டியில் ஊர்ப் பெயரைப் போட அனுமதிக்கும் முத்திரை கிடைக்காத ஒயினைச் சாராய ஆலை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும்.

மகலோனையும் சேர்த்து மூன்று பேர் கூடாது என்றார்கள். இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள். அந்த இருவரில் ஒருவனான ஃபுல்க்ரான், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், விடுவதாக இல்லை.

"இன்னொரு வாய் குடிச்சுத்தான் பாரேன். கிரெனாஷ் திராட்சையோட இனிப்பு, சிரா திராட்சையோட காரம், எவ்வளவு அளவாக் கலந்திருக்கான்! பழகாதவன் தோள்லகூடக் கை போட்டுப் பேசுற ஒயின் இது."

மற்றவர்கள் ருசி பார்த்ததை வாளியில் துப்பினார்கள். மகலோன் துப்பவில்லை, மெதுவாக விழுங்கினாள்.

"பேசுது. பேசி முடிச்சதும், அணைஞ்ச அடுப்பை நக்கின மாதிரி இருக்கு."

"லேசாத்தானே இருக்கு! இந்த வருஷம் மூணு குடும்பம் கொடியெல்லாம் பிடுங்கிட்டுப் போயாச்சு. முத்திரை இல்லேன்னா இவனும் போவான். நாலாவது குடும்பத்தைக் கெடுத்த பேர் உனக்கு எதுக்கு?"

"நம்ம ஒயினை யாரு வாங்கறாங்க, ஃபுல்க்ரான்? வேலை முடிஞ்சு வந்து, வறுத்த கோழியோட ஒரு கிளாஸ் ஊத்திக்கிறவங்க. அவங்க தோட்டத்துப் பேரைப் படிக்க மாட்டாங்க, ஊர்ப் பேரைத்தான் படிப்பாங்க. ஒருதரம் சாம்பலைக் குடிச்சாங்கன்னா, அப்புறம் உன் புட்டியையும் தொட மாட்டாங்க."

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? கல்லுதான் இருக்கு."

மகலோன் தாளில் 'கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தோட்டக்காரர் சங்கத் தலைவி மதாம் பூஸ்கே, எந்த நம்பர் யாருடையது என்று எழுதியிருந்த தாளைக் கடித உறையிலிருந்து எடுத்தார். "ஒன்பது..." என்று தொடங்கியவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு தாளை மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

அலிபேர் தோட்டம். உரிமையாளர், மகலோன் அலிபேர்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒற்றை ஆளாக நடத்திவரும் தோட்டம்.  ஃபுல்க்ரான் தாளை இழுத்து இன்னொரு தரம் படித்தான்.

"அடிப்பாவி... உன் ஒயினே உனக்குத் தெரியலையா?"

மகலோன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"மோந்து பார்த்தப்பவே தெரிஞ்சுது."